ஆத்தா சிவப்புப் பூக் கொடுத்தாள்

நான் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே சிவப்பு அரளி.

அதைப் பார்த்த மறுநொடி அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்தவர் எழவில்லை. கோயில் வாசல் புழுதியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் இரண்டும் குலுங்கக் கிடந்தார். அழுகிறார் என்று நினைத்துப் பூசாரிப் பண்டாரம் தீர்த்தச் செம்போடு ஓடி வந்தார். புரட்டிப் பார்த்தால், அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார்! கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு, மீசை முழுக்க மண்.

"ஏனுங்க, எந்திரிங்க. புள்ள பயந்துக்கும்" என்றார் பண்டாரம்.

புள்ள பயப்படவில்லை. எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பது வயதோ. அப்பா வாய்விட்டுச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரே ஒரு பொட்டலத்தைப் பிரித்து அவரைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி ஓடினேன்.

அம்மா மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். அப்பாவையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ கணக்குத் தப்பிப் போன முகம்.

பூக் கேட்கிற வழக்கம்

சென்ற வாரம் கோபாலபுரம் செக்போஸ்ட்டைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகி, 'நீங்கள் எல்லாம் ஏன் அந்த ஊரை விட்டுப் போனீர்கள்?' என்று கேட்டிருந்தார். வாசகி அம்மா, நாங்கள் போகவில்லை. சாமி அனுப்பியது. அந்தக் கதைதான் இது.

செக்போஸ்ட்டிலிருந்து கேரளப் பக்கம் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். கடலை போடுவோம், சோளம் போடுவோம். தோட்டத்து மூலையில் மாகாளியாத்தா கோயில். கோயில் என்றால் கோபுரத்தை நினைக்க வேண்டாம். ஒரு ஓட்டுக் கொட்டகை, கதவு கிடையாது, உள்ளே ஒரு கல், கல்லுக்குக் கண் வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு செவ்வரளி, ஒரு வெள்ளரளி. எந்த வறட்சிக்கும் அசையாத செடிகள்.

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவானாலும் ஆத்தாவிடம் பூக் கேட்காமல் நடக்காது. குடும்பத் தலைவர் முந்தின நாள் சாயங்காலமே வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் என்று ஆமணக்கு இலையில் மடித்து, நூல் சுற்றி, ஆத்தா காலடியில் வைப்பார். விடிந்ததும் பூசை. வயதுக்கு வராத ஒரு பெண் குழந்தை வந்து கண்ணை மூடி ஒன்றை எடுக்கும். அதுதான் வாக்கு. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் ஆத்தாவைச் சந்தேகப்படுகிறோம் என்று அர்த்தமாம். பண்டாரம் அதை அப்படியே கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிடுவார்.

இந்த வழக்கத்தில் எல்லோர் முன்னாலும் ஓட்டை போட்டவர் எங்கள் குடும்பத்தில் ஒரே ஒருவர்தான், அப்பாவின் அக்கா. அந்த அத்தைக்கு இடுக்கிப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். ஏலக்காய்த் தோட்டக்காரர், சுருட்டை முடி. பூக் கேட்டால் சிவப்பு வந்துவிட்டது. வேண்டாம் என்று அர்த்தம். அத்தை அசரவில்லையாம்.

"ஆத்தாளுக்குச் செரியாக் காதுல உழுகலை. மணிய நல்லா ஆட்டிப்போட்டு இன்னொருக்காக் கேளுங்க" என்றாளாம்.

மறுபடியும் சிவப்பு. மறுபடியும் மணி. வெள்ளை வரும்வரை அத்தை விடவில்லை. கல்யாணமாகிக் கம்பம்மெட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள், நன்றாகவே வாழ்ந்தாள். ஆத்தாவுக்குக் காது கேட்டதா, இல்லை தொல்லை தாங்காமல் கொடுத்தாளா என்று எங்கள் வீட்டில் இன்றும் பட்டிமன்றம் நடக்கும்.

கிணற்று மேட்டில் அப்பா

மழை பொய்த்துக்கொண்டே வந்த வருடங்கள் அவை. கடலை விதைத்தால் விதையே திரும்பி வரவில்லை. கிணற்றை ஆழப்படுத்தினார் அப்பா. பாறை வந்தது. வெடி வைத்தார். அதற்குக் கீழேயும் பாறைதான். எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு தவளை உட்கார்ந்து நம்மைப் பார்க்கும். அதுவும் பிறகு எங்கோ போய்விட்டது.

அப்பா பேச்சைக் குறைத்தார். சாப்பாட்டைக் குறைத்தார். தூக்கமே இல்லை. சாயங்காலமானால் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா சமையல்கட்டு ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுப்பில் எது தீய்ந்தாலும் அவளுக்குத் தெரியாது. அவளுடைய பயம் என்ன என்பதை அந்த வயதிலேயே நான் எப்படியோ புரிந்துகொண்டேன். யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் கம்பம்மெட்டிலிருந்து மாமா, அந்தச் சுருட்டை முடி மாமா, ஆள் அனுப்பினார். ஏலத்தோட்டத்தை விரிவாக்கப் போகிறாராம், கூட நின்று பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டுமாம், குடும்பத்தோடு வந்துவிடச் சொன்னார். அப்பாவுக்குப் போக ஆசை. அம்மாவுக்கு மலை என்றாலே நடுக்கம். அட்டை கடிக்கும், யானை வரும், துணி காயாது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வாள். ஆத்தாவை விட்டுவிட்டுப் போவதை மட்டும் அவளால் நினைக்கவே முடியவில்லை.

"நீங்களும் முடிவு பண்ண வேண்டாம், நானும் பண்ணலை. ஆத்தாகிட்டப் பூக் கேளுங்க" என்றாள். "வெள்ளை வந்தா இங்கயே இருப்பம். செவப்பு வந்தா கெளம்பீரலாம்."

அப்பா சரி என்றார். அன்று சாயங்காலம் பூப் பறித்து, பொட்டலம் மடித்து, ஆத்தா காலடியில் வைத்துவிட்டு, வழக்கம்போலக் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தார்.

அம்மா செய்த வேலை

இதை அம்மா என்னிடம் சொன்னது பல வருடம் கழித்து. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மனதில் வைத்திருக்கத் தெம்பில்லை.

அன்று கிணற்று மேட்டில் அப்பா எப்போதும்போல இல்லையாம். முகத்தில் ஒரு அமைதி. கால்மேல் கால் போட்டுக்கொண்டு காற்று வாங்குகிறார். எதையோ முடிவு செய்துவிட்ட ஆள்போல இருக்கிறார். வெள்ளைப் பூ வந்து, இங்கேயே இரு என்று ஆத்தா சொல்லிவிட்டால், இந்த மனுஷன் இந்தக் கிணற்றை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்று அம்மாவுக்குப் பட்டதாம்.

விடியற்காலையில் கோயில் வாசலுக்குச் சாணம் தெளிக்கப் போகிறவள் அவள்தான். போகும்போது மடியில் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு போனாள். அதே ஆமணக்கு இலை, அதே நூல். அப்பா எப்படி முடிச்சுப் போடுவார் என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டிலும் சிவப்பு அரளி.

"ஆத்தா, என்ற கண்ணைக் குத்தறதுன்னாக் குத்திக்க. அவரு இருக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் பொட்டலங்களை மாற்றிவிட்டாள். அட்டை, யானை, ஈரத்துணி எல்லாவற்றையும் அந்த ஒரு நொடியில் ஏற்றுக்கொண்டாள்.

அப்பாவின் பொட்டலங்களைப் பிரிக்க அவளுக்குத் தைரியமில்லை. தெய்வக் குற்றம் ஒன்று செய்தால் போதாதா? அவசரத்தில் கிணற்றில் எறிந்துவிட்டாள். எறிந்த பிறகுதான் உறைத்தது, கிணற்றில் தண்ணீரே கிடையாது என்று! அடியில் பாறைமேல் இரண்டு பச்சைப் பொட்டலம் பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது. எட்டிப் பார்க்கிற யாருக்கும் தெரியும். அதுவும் எங்கள் வீட்டில் கிணற்றை எட்டிப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்த ஒருவர் இருந்தார்.

அந்த நிலைமையில்தான் நான் வந்து, கண்ணை இறுக்க மூடி, ஒன்றை எடுத்தேன்.

அப்பாவுக்கு வந்த பைத்தியம்

அன்றிலிருந்து அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. களி போதாது, இன்னும் போடு என்றார். படுத்தவுடன் தூங்கினார். எருமையிடம் கம்பம்மெட்டின் குளிரைப் பற்றி விவரித்தார். வழியில் போகிறவரைக் கூப்பிட்டு, "ஆத்தா போகச் சொல்லிப்போட்டா" என்று மோர் கொடுத்து அனுப்பினார். கிணற்றின் பக்கம் மட்டும் போகவேயில்லை. அம்மாவுக்கு உயிர் வந்தது.

வந்த உயிரோடு ஒரு வருத்தமும் வந்தது. சிவப்புப் பூவுக்கு இத்தனை சந்தோஷமா? என்னையும் இந்த மண்ணையும் விட்டு ஓட இந்த மனுஷனுக்கு இவ்வளவு ஆசையா? மனதுக்குள்ளேயே மூன்று வேளையும் அரைத்துக்கொண்டிருந்தாள். மிளகாய் அரைக்கும்போது அம்மிக்கல் படுகிற பாட்டில் எங்களுக்கே தெரியும்.

தோட்டத்தைப் பெரியப்பா வீட்டாரிடம் ஒப்படைத்தாயிற்று. கிளம்பும் நாள். எல்லோரிடமும் சொல்லிக்கொண்ட அப்பா, "இந்தக் கெணத்துகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்தர்றேன்" என்று வேகமாக நடந்தார்.

"பாம்பு!" என்று அலறினாள் அம்மா.

அப்பா இரண்டடி உயரம் குதித்தார். "ஏம்புள்ள, எங்க?"

"கெணத்துக்குள்ள போயிருச்சுங்க! பெரிய பாம்பு! நீங்க வாங்க, பஸ்ஸு போயிரும்!"

பஸ் வர இன்னும் வெகுநேரம் இருந்தது. ஆனாலும் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். பகல் வெளிச்சத்தில், ஊரார் முன்னால் அம்மா அப்பாவின் கையைப் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பானைக்குள் யார்?

குலதெய்வத்தை விட்டுப் போக முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய், போகிற இடத்தில் வைத்துக் கும்பிடலாம். பண்டாரம் அம்மாவின் கண்ணைப் பார்த்தே பிடிமண் எடுத்து, சின்னப் பானையில் போட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டிக் கொடுத்துவிட்டார். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. மலையாளக் காவலர் ஒருவர் ஏறினார். பானையைப் பார்த்தார்.

"இது எந்தா?"

"எங்க மாகாளியாத்தாளுங்க சார்" என்றார் அப்பா, பக்கத்துச் சீட்டுக்காரரை அறிமுகப்படுத்துகிற தோரணையில்.

காவலர் துணியை அவிழ்க்கச் சொன்னார். மண். விரலால் தொட்டார், முகர்ந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அந்த விரலை நெற்றியில் வைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "என்ட ட்ரான்ஸ்பருக்கு வேண்டியும் ஒண்ணு பிரார்த்திக்கணும், கேட்டோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அப்பா பொள்ளாச்சி வரை சிரித்தார்.

கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக, பொள்ளாச்சி, உடுமலை, பழனி, தேனி என்று தமிழ்நாட்டைச் சுற்றினோம். பஸ் மாறி மாறி, கட்டுச்சோறு தின்று, கம்பத்தில் இறங்கினோம். மாமா ஜீப் அனுப்பியிருந்தார். டிரைவர் இளவட்டம், வாய் ஓயாது. அப்பா முன்சீட்டில் உட்காராமல், எங்களோடு பின்னால் சாக்கு மூட்டைமேல் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவது வளைவிலோ நான்காவதிலோ

ஜீப் மலை ஏற ஏறக் காது அடைத்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அம்மா பானையை அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஊரிலிருந்து அதுவரை அப்பாவிடம் சரியாகப் பேசவில்லை.

"ஏம்புள்ள, பயமா இருக்குதா?" என்றார் அப்பா.

"இல்லீங்க."

"உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது."

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"அன்னிக்குப் பூ வெச்சனல்லொ, ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளைதான் வெச்சேன்."

அம்மா அவரையே பார்த்தாள்.

"உனக்கு ஊரை உட்டுப்போட்டு வர மனசில்லீன்னு தெரியும். எருமையக் கட்டிக்கிட்டு நீ அழுததப் பாத்தேன். அதுவுமில்லாம…" அப்பா பானையைப் பார்த்தார். "மழை போனதுலருந்து நான் ஆத்தாகிட்டப் பேசறதையே உட்டுட்டேன். கேக்கறதுக்கு அங்க ஆருமே இல்லீன்னு நெனச்சுட்டேன். ஆருமில்லாத எடத்துல எந்தப் பூவ வெச்சா என்ன? உனக்குப் புடிச்சதையாவது வெப்பம், நீயாவது நிம்மதியா இருப்பேன்னு வெச்சேன். வெச்சுப்போட்டு அப்பாடான்னு போய் உக்காந்தேன். காலைல பாத்தா செவப்பு! என்ற கையால வெச்ச வெள்ளைய அவ செவப்பாக்கிப்போட்டா. நான் அவளை உட்டுட்டேன், அவ என்னைய உடுலை. அப்பறம் எனக்கென்ன பயம், சொல்லு?"

முதலில் அம்மாவிடமிருந்து ஒரு விக்கல் வந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் உடைந்தது பாருங்கள் சிரிப்பு! பானை மடியில் ஆடுகிறது, முந்தானை நழுவுகிறது, கொண்டை அவிழ்கிறது, அவள் சிரிக்கிறாள். அடக்கப் பார்க்கிறாள், மூக்கு வழியாக வருகிறது. அப்பாவின் முகத்தைப் பார்க்கிறாள், இன்னும் பெரிதாக வருகிறது. என்னவென்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சட்டென்று பிரேக் போட்டான். "அண்ணே! அக்காவுக்குச் சாமி வந்துருச்சுண்ணே!"

தலைவிரி கோலம், மடியில் மஞ்சள் துணி கட்டிய பானை, அடங்காத சிரிப்பு. பார்க்கிறவன் வேறு என்ன நினைப்பான்? டிரைவர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். அப்பா ஏற்கெனவே குதித்துவிட்டார். தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டி, செருப்பைக் கழற்றி, நடுரோட்டில் கைகூப்பி நின்றார். தலையை நிமிர்த்தவேயில்லை. அத்தனை நாள் ஆட்டம் போட்ட மனுஷனா என்று இருந்தது.

"ஆத்தா! மாகாளி! நெலத்த உட்டுப்போட்டு, வெவரம் தெரியாத ஊருக்குப் புள்ளகுட்டியோட வந்துட்டேன். நாங்க பொழச்சுக்குவமா? ஒரு வாக்குச் சொல்லு தாயி."

பக்கத்தில் டிரைவரும் கைகூப்பிவிட்டான். "ஆத்தா, எனக்குப் பொண்ணு எப்பத்தா அமையும்? அதயும் சேத்துச் சொல்லிரு."

அம்மாவின் சிரிப்பு நின்றது.

அப்பாவைப் பார்த்தாள். அவள் அப்படி யாரையும் பார்த்து நான் பார்த்ததில்லை. அப்பாவின் பெயரைக்கூடச் சொல்லாதவள் அவள். ரேஷன் கடையில் கேட்டால் என்னைக் கிள்ளிச் சொல்ல வைப்பாள். அவள் வாயிலிருந்து, நிதானமாக, கொஞ்சம் கனத்த குரலில் வந்தது:

"பயப்படாதடா. நானும் கூடத்தான வர்றேன்."

அப்பா ரோட்டில் விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது அவர் முகத்தில் இருந்த தெளிவை எனக்கு எழுதத் தெரியவில்லை. டிரைவர்தான், "எனக்கு ஒண்ணுஞ் சொல்லலயே" என்று முணுமுணுத்துக்கொண்டே கல்லை எடுத்தான்.

பிறகு

சாமியை நம்பினால் கஷ்டமெல்லாம் தீரும் என்று எழுதச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். எங்களுக்கு எங்கே தீர்ந்தது? மலையில் அட்டை கடித்தது. யானை வந்தது. துணி காயவில்லை. ஒரு வருடம் ஏலச்செடி வேரோடு அழுகியது. ஆனால் எது வந்தாலும் அப்பா, "கூட வர்றேன்னு சொல்லியிருக்கறா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். கடைசிவரை அவர் எந்தக் கிணற்று மேட்டிலும் போய் உட்காரவில்லை. எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

பொட்டலம் மாற்றியதை அம்மா எனக்குச் சொன்னது ஏலக்காய் காயவைக்கிற கொட்டகையில் வைத்து. நான் வளர்ந்து, எனக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்துவிட்டது. அப்பாவின் காதில் விழாமலிருக்க இரண்டு பேரும் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தோம். மூச்சு வாங்கி முடித்ததும் கேட்டேன்.

"அப்போ ஜீப்புலயும் நீ நடிச்சதுதானாம்மா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காயப் பரப்பியிருந்த ஏலக்காயைக் கொஞ்ச நேரம் கையால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சது நாந்தான் கண்ணு" என்றாள். "பேசுனது நானில்லை."